செலின் சின்னம்மாவும் என் பொய் மூச்சும்

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலே நீண்ட ஆயுசு படைத்தது ஐந்து மாதம் ஓடியது. (ஓடியது என்று எழுதுவதே அநியாயம். ஓடாமல் இருப்பதற்காகச் சொன்ன பொய் அது.) இன்று எனக்கு முப்பத்திரண்டு வயது. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஒரு தரிப்பிடம் போவதற்குக்கூட மனம் வராது. இப்படிப்பட்ட நான் பதினைந்து வயதில் ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரு வைத்தியரையும் பெற்ற தாயையும் ஏமாற்றினேன் என்றால் என்னோடு வேலை செய்பவர்கள் நம்பமாட்டார்கள்.

அப்போது ஆஹென் நகரத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம் எங்கள் விளையாட்டு வாத்தியாருக்கு நீண்ட தூர ஓட்டத்தின் மேல் திடீர்க் காதல் வந்துவிட்டது. வியாழக்கிழமை தோறும் மைதானத்தைச் சுற்றி அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். முதல் வாரமே நான் ஓடும்போது யாரோ ஒரு புண்ணியவான் போனில் படம் எடுத்து வகுப்பு முழுக்க அனுப்பிவிட்டான். அந்தப் படத்தில் என் வாய் திறந்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, பல் வைத்தியருக்குக் கடைவாய்ப் பல்லைக் காட்டுகிற அளவுக்கு. மூக்கு விரிந்து, கண் சொருகி, மாடு கன்று போடும்போது விழிக்குமே, அப்படி ஒரு முழி. இனி இந்த உலகத்தில் ஒருவரும் நான் வாயைத் திறந்து மூச்சு விடுவதைப் பார்க்கக் கூடாது என்று அன்று சபதம் எடுத்தேன்.

அடுத்த வியாழன் இரண்டாவது சுற்றில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். மூச்சு வரவில்லை என்றேன். வாத்தியார் பயந்துபோய் என்னை மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருத்தினார். வாங்கில் நல்ல வெயில். பக்கத்தில் கால் சுளுக்கிய தோழி ஒருத்தி சிப்ஸ் பைக்கற்றோடு இருந்தாள். இப்படி ஒரு வசதி கிடைத்தால் யார்தான் குணமாக விரும்புவார்கள்?

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடம் வீட்டுக்குக் கடிதம் போட்டது. எங்கள் வீட்டுக்கு வரும் ஜேர்மன் கடிதம் எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். (எட்டு வயதிலிருந்து அந்த உத்தியோகம். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.) உங்கள் மகளுக்கு ஓடும்போது மூச்சு முட்டுகிறது, வைத்தியரிடம் காட்டுங்கள் என்று வாசித்துச் சொன்னேன். அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். முகம் அப்படியே வெளிறிவிட்டது.

"ஓடேக்கையோ, ஓடி முடிஞ்சாப் பிறகோ?" என்று கேட்டார்.

"ஓடேக்கை" என்றேன். இது என்ன கேள்வி என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாதிரியான காரியங்கள் நடந்தன. காலையில் கண் திறந்தால் என் மூக்குக்குக் கீழே ஒரு கை இருக்கும். அம்மாவின் உள்ளங்கை. சத்தமில்லாமல் கட்டிலருகே நின்று என் சுவாசம் கையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் விழித்ததும் ஒன்றும் நடக்காதது போல யன்னல் திரையை விலக்குவார். படியேறும்போது எனக்குப் பின்னால் வந்து வாய்க்குள் எண்ணுவார். என் புத்தகப் பையைத் தானே தூக்கினார். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி, அதாவது ஒரு நேரச் சாப்பாட்டு விரதம், பிடிக்கத் தொடங்கினார். ஓகஸ்ட்டில் கேவலார் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தி வைத்தார். இவ்வளவும் பார்த்த பிறகாவது புத்தியுள்ள பிள்ளை உண்மையைச் சொல்லும். நான் நடிப்பை மெருகேற்றினேன். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். தமிழ்ப் பூசையில் நீண்ட பிரசங்கம் வந்தால் அம்மாவின் தோளில் சாய்ந்தேன். சாமான் பையைக் கண்டால் நெஞ்சைப் பிடித்தேன்.

குடும்ப வைத்தியர் குழாயை வைத்துப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. இளம் பிள்ளைகளின் உடம்பு உடற்பயிற்சியின்போது ஒட்சிசனை எப்படி எடுக்கிறது, எவ்வளவு எரிக்கிறது என்று அளந்து பார்க்கும் ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லி அங்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சோதனைக்கு டெர்மின் (நேரம்) கிடைத்தது. எனக்கு ஒரு பயமும் இல்லை. வாத்தியாரை ஏமாற்றியவளுக்கு ஒரு சைக்கிள் எம்மாத்திரம்? அங்கிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் பள்ளிக்கூடம் முடியும்வரை அந்த வாங்கும் அந்த வெயிலும் எனக்குத்தான்.

அந்த இடம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. மூன்று மாடிக் கட்டடம், வெள்ளிப் பின்னேரம் என்பதால் ஆளரவம் இல்லை. நிலவறைக்கு இறங்கியதும் எதிரே கும்மிருட்டு. ஓர் அடி வைத்தோம், டக் என்று தலைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. பத்து அடி போனதும் அடுத்தது. ஆள் அசைந்தால் எரியும், ஆள் கடந்தால் அணையும். ஆகவே எங்களுக்கு முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு, நானும் அம்மாவும் நிற்கிற இடம் மட்டும் வெளிச்சம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது.

"பிரேத அறை மாதிரிக் கிடக்குதடி" என்று கிசுகிசுத்தார்.

"சும்மா இருங்கோம்மா. இது விளையாட்டுக்காரர் வாற இடம்."

கடைசி அறையில் யூலியா என்ற இளம் பெண் இருந்தாள். அவள்தான் சோதனை செய்பவள். நடுவில் சைக்கிள், அதற்குப் பக்கத்தில் குழாயும் வயரும் தொங்கும் இயந்திரம், ஒரு பெரிய திரை. யன்னல் இல்லை. இயந்திரம் தனக்குள்ளேயே மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. யூலியா என் நெஞ்சில் பொத்தான் மாதிரி ஒட்டிகளை ஒட்டினாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். நான் அம்மாவிடம் தமிழில் கேட்டு ஜேர்மனில் சொன்னேன். ஆஸ்துமா? இல்லை. சீனி வியாதி? அப்பம்மாவுக்கு. இளம் வயதில் திடீரென்று இறந்தவர்கள் குடும்பத்தில் உண்டா?

அம்மா யூலியாவின் கையிலிருந்த படிவத்தைக் குனிந்து பார்த்தார்.

"இல்லையெண்டு சொல்லட்டோ?" என்றேன்.

"செலின்" என்றார்.

செலின் என் சின்னம்மா, அம்மாவுக்கு நேரே இளையவர். சின்ன வயதில் காய்ச்சலில் செத்தவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காய்ச்சல்தானே அம்மா?"

"காய்ச்சலில்லை. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி. எண்ணூறு மீற்றர். முதலாவதா ஓடி வந்தவள். நூலை அறுத்துக்கொண்டு வந்து, என்ரை கையிலை கொடியைத் தந்து, அக்கா தண்ணி தா எண்டவள். நான் திரும்பிப் போத்திலை எடுத்துக்கொண்டு வாறன், கீழை கிடக்கிறாள்." அம்மா படிவத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்ரை வயசு. பதினைஞ்சு. உன்னை மாதிரித்தான் மூக்கும்."

யூலியா பேனாவோடு காத்திருந்தாள். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். என் சின்னம்மா ஓடியபிறகு இறந்துபோனார் என்று ஜேர்மனில் சொன்னேன். என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. அப்போதுதான் அந்த உள்ளங்கையின் அர்த்தம் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமாக நான் நடித்தது யாருடைய சாவை என்றும் தெரிந்தது. அந்த நிமிடமே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். யூலியா முகமூடியை மாட்டிவிட்டாள்.

அந்த முகமூடி மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கி மூடும். ஒரு துளி காற்றும் வெளியே போகாது, எல்லாம் இயந்திரத்துக்குத்தான் போகும். பேச ஏலாது. கட்டைவிரலை உயர்த்தினால் சரி, கையை விரித்தால் நிறுத்து, அவ்வளவுதான் பாஷை. ஆக, அந்த அறையில் இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளரின் வாயைக் கட்டியாயிற்று. அம்மாவை எனக்குப் பின்னால் மூலையில் ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள் யூலியா. சைகையாலே சொன்னாள். அம்மாவுக்கு விளங்கியிருக்கும் என்று நானும் நினைத்தேன்.

மிதிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு நிமிடமும் மிதி கொஞ்சம் கொஞ்சமாகப் பாரமாகும். பயந்த பிள்ளை என்ன செய்யும்? பழக்கமான காரியத்தைச் செய்யும். மூன்றாம் நிமிடத்திலேயே பழைய நாடகத்தைத் தொடங்கினேன். ஹா, ஹா, ஹா என்று இழுத்து விட்டேன். தோளைக் குலுக்கினேன். தலையைத் தொங்கப் போட்டேன். சான்றிதழை மறப்பேனா?

யூலியா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு வரும் ஆசை அவள் முகத்தில்.

"விசித்திரமாக இருக்கிறது" என்றாள். "உன் வயதில் உடம்பு வேலை தொடங்கியதுமே ஒட்சிசனைச் சட்டென்று இழுத்து எரிக்கும். பெரியவர்களைவிட வேகமாக. உன் தசைகளும் அதைத்தான் செய்கின்றன, எந்தக் கஷ்டமும் இல்லாமல். கடைக்கு நடந்து போகிறவள் மாதிரி எடுக்கிறாய். ஆனால் மூச்சு மட்டும் மலையுச்சியில் நிற்கிறவளுடையது. இரண்டு பேருடைய மூச்சை ஒரே தாளில் பார்க்கிற மாதிரி இருக்கிறது."

முகமூடிக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த நேரத்தில்தான் அது கேட்டது.

முகமூடிக்குள் நம்முடைய மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். நான் இழுக்க ஒரு சீறல், விட ஒரு சீறல். ஆனால் என் சீறல் முடிந்த கையோடு இன்னொன்று கேட்டது. என் பின்கழுத்துக்குப் பக்கத்தில். நான் இழுத்தால் அதுவும் இழுத்தது. நான் விட்டால் அதுவும் விட்டது, ஒரு நொடி பிந்தி. காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அதுவும் குறைத்தது. வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். பின்னால் அமைதி. நான் விட்டதும், பின்னால் அதுவும் விட்டது, நீளமாக, தண்ணீர் கேட்கிற மாதிரி.

எனக்கு முடி நட்டுக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்க்க வழியில்லை, தலையைத் திருப்பினால் குழாய் இழுக்கும். உன்ரை வயசு, உன்னை மாதிரித்தான் மூக்கும் என்று அம்மா சொன்னதுதான் காதுக்குள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தப்பி ஓடினேன். நகராத சைக்கிளில் என் உயிர் இருந்தமட்டும் மிதித்து ஓடினேன். மலையுச்சி நாடகம், சான்றிதழ், வாங்கின் வெயில் எல்லாம் பறந்துபோயிற்று. நான் வேகமாக மூச்சு விட, பின்னால் வந்ததும் வேகமாக விட்டது. யூலியாவுக்குப் பேரானந்தம். "சூப்பர்! பார், இப்போது உன் உடம்பு விழித்துவிட்டது! இன்னும், இன்னும்!" என்று கத்தினாள். என் இரத்தமே உறைந்துபோயிருக்கிறது, இவளுக்கு வளைகோடு ஏறுவதில் சந்தோசம்.

தொப் என்று ஒரு சத்தம். பின்னால் இருந்த மூச்சு நின்றது.

யூலியா பாய்ந்து வந்தாள். முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டுத் திரும்பினேன். தரையில் அம்மா கிடந்தார். விரல்கள் உள்ளே மடங்கிக் கோழிக்கால் மாதிரி விறைத்திருந்தன. உதடு துடித்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் எல்லாம் விளங்கியது. அம்மா கதிரையில் இருக்கவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, என்னோடு சேர்ந்து மூச்சு விட்டிருக்கிறார். குழந்தைக்குச் சோறு தீத்தும் தாய், தன் வாயையும் சேர்த்துத் திறப்பார் அல்லவா? அதே காரியம். பிள்ளைக்கு மூச்சுக் குறைகிறது, தானும் சேர்ந்து இழுத்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் கூட வரும் என்று ஒரு கணக்கு. நான் மிதித்தேன், என் தசைகளுக்கு அந்தக் காற்று தேவைப்பட்டது. அம்மாவோ நின்ற இடத்தில் நின்றுகொண்டு, ஒருசந்தி வயிற்றோடு, மிதிக்கிற பிள்ளையின் வேகத்தில் இழுத்து இழுத்து விட்டிருக்கிறார். உடம்பில் இருந்த காபனீரொட்சைட்டு எல்லாம் வெளியே போனால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அப்போது இந்த விஞ்ஞானம் ஒன்றும் எனக்குத் தெரியாது. யூலியா சுவரிலிருந்த போனை எடுத்தாள், மேலே யாரும் எடுக்கவில்லை. "டொக்டர் மூன்றாம் மாடியில் இருக்கிறார், இடது பக்கம் கடைசி அறை. ஓடு!" என்றாள். அம்மாவின் தலை அவள் மடியில் இருந்தது.

ஓடினேன். நெஞ்சில் ஒட்டிகள், பின்னால் வயர் வாலாகத் தொங்க, ஓடினேன். எத்தனை படி என்று தெரியாது. மூச்சு வாயால் போனதா மூக்கால் போனதா என்று தெரியாது. ஒன்று மட்டும் பிறகு, பஸ்ஸில் இருக்கும்போது, ஞாபகம் வந்தது. அந்த நிலவறை நடையில் ஒரு விளக்குக்கும் நான் காத்திருக்கவில்லை. நான் கதவைத் திறந்தபோதே முதல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் கீழே வரமுன் அடுத்தது டக் என்று எரிந்தது, அதற்கு அடுத்ததும். படிகளிலும் அப்படித்தான். நான் வருவதற்கு ஒரு திருப்பம் முன்னாலேயே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடியில் கதவைத் தட்டாமலே உள்ளே பாய்ந்தேன். வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டிய உயரமான பெண் டொக்டர், கையில் கோப்பி. அம்மா கீழே விழுந்துவிட்டார், விரல்கள் மடங்கியிருக்கின்றன, காலையிலிருந்து சாப்பிடவில்லை, பிரஷர் மருந்து ஒன்றும் எடுப்பதில்லை, உடனே வாருங்கள் என்று ஒரே மூச்சில், ஒரு இலக்கணப் பிழையும் இல்லாமல் ஒப்புவித்தேன்.

டொக்டர் எழுந்து வந்துகொண்டே என் நெஞ்சிலிருந்த வயர்களைப் பார்த்தார்.

"மூச்சு எடுக்க முடியாத பிள்ளை நீதானே?" என்றார்.

அவருக்கு முன்னால் கீழே இறங்கி ஓடிவிட்டேன்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. டொக்டர் அவரை இருத்தி, தோளில் கை வைத்து, மெல்ல மெல்ல மூச்சு விடப் பழக்கினார். ஐந்து நிமிடத்தில் விரல்கள் விரிந்தன. ஆனால் கண் திறந்ததும் அம்மா என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார்.

"மற்றவள் எங்கை?"

"ஆரம்மா?"

"ரெண்டு பேர் ஓடிப் போனவை. நான் கண்டனான்."

இதை நான் டொக்டரிடம் சொன்னேன். மூச்சு அதிகமாகிப் போனால் மூளைக்கு இரத்தம் குறையும், அப்போது ஒன்று இரண்டாகத் தெரிவது உண்டு என்றார். சரியான விளக்கம். இன்றைக்கும் நான் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பிறகு டொக்டர் யூலியாவோடு திரைக்கு முன்னால் நின்று என் வளைகோட்டைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்தார்.

"முதல் பாதி நடிப்பு. இரண்டாம் பாதி உண்மை. இதைத் தாள் சொல்லவேண்டியதில்லை, நீ மூன்று மாடி ஓடி வந்து சொல்லிவிட்டாய்" என்றார். "இப்போது உன் அம்மாவிடம் சொல். என் வார்த்தையை மொழிபெயர்க்க வேண்டாம். உன் வார்த்தையில் சொல்."

அந்த ஒரு நொடியில் எத்தனை பொய் வரிசையில் வந்து நின்றது தெரியுமா? அம்மாவுக்குத்தான் ஜேர்மன் தெரியாதே. 'மருந்து தேவையில்லையாம், ஓய்வு எடுக்கட்டாம்' என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அம்மா இன்னும் தன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் நடிச்சனான்."

"என்னெண்டு?"

"மூச்சு முட்டினதெல்லாம் பொய்."

அம்மா முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "பொய்யோ?"

"ஓம்."

"படியிலை இருந்து இழுத்தியே, அது?"

"பொய்."

"பூசையிலை என்ரை தோளிலை சாஞ்சது?"

"அதுவும் பொய்தான் அம்மா."

"சாமான் பை தூக்க ஏலாதெண்டது?"

"பொய்."

"மாதாவே!" என்றார் அம்மா. ஒவ்வொரு பொய்யையும் கேட்கக் கேட்க அவர் முகத்தில் நிறம் ஏறியது. பிள்ளை இவ்வளவு பொய் சொல்லியிருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோசப்பட்ட தாயை நான் இதுவரை கண்டதில்லை. "உண்மையாப் பொய்யோ? செலினாணைச் சொல்லு!" என்றார். சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று போட்டார். (நாசமாய்ப் போனவளே என்ற ஒரு சொல்லும் கூடவே வந்தது.) டொக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் மாற்றி மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ஆனால் அதோடு விடவில்லை. "நீ பொய் சொன்னாய் என்பது சரி. உன் சின்னம்மா செத்தது பொய்யில்லையே. ஓடும்போது அவருக்கும் ஒன்றுமில்லை, ஓடியபிறகுதான் இறந்தார் என்று படிவத்தில் இருக்கிறது" என்றார். அறை மறுபடி குளிர்ந்தது. அரை மணி நேரம் இருந்து தண்ணீர் குடித்தபிறகு திரும்பவும் ஏறு, இம்முறை கடைசிவரை மிதி, இதயம் என்ன செய்கிறது என்று நான் பார்க்க வேண்டும் என்றார்.

ஏறினேன். மறுபடி முகமூடி. அம்மா இம்முறை என் முன்னால், கதிரையில், செபமாலையோடு. யூலியா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடும் வேகம் கூடுகிறதா என்று பார்ப்பதற்காக. எனக்கு ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. தொடை எரிந்தது, வாய் முகமூடிக்குள் ஆவென்று திறந்திருந்தது, மூக்கு விரிந்தது, படத்திலிருந்த அதே மாட்டு முழி. நான் எரிக்கும் ஒட்சிசனின் வளைகோடு மேலே மேலே ஏறிப் போனதைத் திரையில் கண்டேன். பொய்யான மூச்சால் அதை ஏற்றவே முடியாதாம். இனி ஏலாது என்ற இடம் வந்தது. கையை விரித்தேன்.

ஆனால் சோதனை அங்கே முடியவில்லை. நிறுத்தியபிறகு இதயம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், ஆகவே முகமூடி கழற்றக்கூடாது. டொக்டர் திரையையே பார்த்தார். திரையில் என் நாடித்துடிப்பு நூற்றுத் தொண்ணூற்றைந்து. நூற்று எண்பது. நூற்று அறுபது.

அம்மா எழுந்தார். "குறையுது" என்றார்.

நூற்று நாற்பது.

"குறையுது பிள்ளை! அவளுக்கும் ஓடி முடிஞ்சாப் பிறகுதான்... எடியே, குறையுது!"

அது குறைவது நல்லது, இளம் இதயம் சட்டென்று இறங்கும், அதைத்தான் டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் எப்படிச் சொல்வேன்? வாய் கட்டியிருக்கிறது. யூலியா "குட், குட்" என்கிறாள். அம்மாவுக்கு அது ஆறுதலாகவா கேட்கும்? பிள்ளையின் உயிர் இலக்கம் இலக்கமாக இறங்குகிறது, இந்த வெள்ளைக்காரி நல்லது நல்லது என்கிறாள். நூற்று இருபது. அம்மா யூலியாவின் கையை உதறிவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். விரலை நரம்பில் அழுத்தினார். இலக்கங்களை நம்பாமல் தானே எண்ணத் தொடங்கினார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அந்த நேரம் அவர் கையில் இருந்தது என் கை இல்லை. தண்ணீர்ப் போத்தலோடு திரும்பி வந்தபோது பிடித்துப் பார்க்கக் கிடைக்காத கை. அதை அவர் விடவில்லை, நானும் இழுக்கவில்லை.

நூற்றுக்குக் கொஞ்சம் கீழே வந்து அது அங்கேயே நின்று தளும்பியது. டொக்டர் மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேலே தள்ளினார்.

"இந்த வருடம் நான் பார்த்ததிலே நல்ல இதயம் இது" என்றார்.

முகமூடியைக் கழற்றியதும் அதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். அம்மா என் கையை விடாமலே கேட்டார், "இது பொய்யில்லையே?"

அதற்குப் பிறகு ஒரு வியாழனும் எனக்கு வாங்கு கிடைக்கவில்லை. எந்த விளையாட்டுக்கும் தகுதியானவள் என்று டொக்டர் எழுதிய கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் வாத்தியார் என்னை மாவட்ட ஓட்டத்துக்கே பதிந்துவிட்டார். அம்மா லீவு போட்டு வந்து முடிவுக் கோட்டில் நின்றார். வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு. அடுத்த வருடம் மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த நிலவறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: உடன் வருபவர்கள் கதிரையில் இருந்து சாதாரணமாக மூச்சு விடவும். யூலியா எங்களைக் கண்டதும் சிவந்துபோனாள். எங்கள் வீட்டில் இன்றுவரை யாராவது பதறினால், "கதிரையிலை இருந்து சாதாரணமா மூச்சு விடு" என்பதுதான் வைத்தியம்.

இந்தக் கதையை நத்தார்ப் பண்டிகைக்கு, பிறந்தநாளுக்கு, கலியாணத்துக்கு என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். சொல்லி முடிக்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். அம்மாவின் தம்பி, என் மாமா, கரண்டியை வைத்துவிட்டுக் கேட்பார்:

"அப்ப அக்கா, நீ ரெண்டு பேரைக் கண்டனி. ஆர் முதல்?"

"செலின்தான்" என்பார் அம்மா. "இவள் ரெண்டாவது."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமாவும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொள்வார். போன வருடம் என் கணவர் கேட்டார், இல்லாத ஆளிடம் தோற்றதாகச் சொல்கிறார்களே, நீ ஒரு நாளாவது மறுத்துப் பேசக் கூடாதா என்று. நான் எழுந்து சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன். அன்றைக்கு அம்மாவிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகு நான் பொய் சொல்வதில்லை. அந்த நிலவறை ஓட்டத்தில் நான் இரண்டாவதாகத்தான் வந்தேன்.